சிரித்துக் கெட்டவனின் அக்கா

பாக்கெட் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் அவளுக்கு உண்டு. சம்பளப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. ஆனால் ஸ்டேடியத்து வாசலில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால், காவலாளி "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

கிழக்குப் பக்கத்துப் பார்வையாளர் காலரிக்கு அடியில் இருக்கிறது கிட் ரூம். ஆட்டக்காரர்களின் சட்டை, பேன்ட், தொப்பி, துண்டு எல்லாம் அங்கேதான். இரண்டு தையல் மிஷின், ஒரு ஆவி இஸ்திரிப் பெட்டி, எண் போட்ட நாற்பது அலமாரித் தட்டு, இவற்றுக்கு நடுவில் அக்கா. மேலே பவுண்டரி விழுந்தால் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிரும். அதை வைத்தே ஸ்கோர் சொல்லிவிடுவாள். இருபத்தாறு வருஷமாகச் சட்டைக்கு எண் தைக்கிறாள், முட்டிக்கு ஒட்டுப் போடுகிறாள், புல்கறையைத் தேய்த்து எடுக்கிறாள். எந்த ஆட்டக்காரனுக்குத் தொந்தி விழுகிறது என்பது டாக்டருக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். இடுப்பை யாருக்கும் தெரியாமல் அரை அங்குலம் தளர்த்திக் கொடுத்துவிடுவாள். அவனும் "நான் இன்னும் அப்படியேதான் இருக்கேன் அக்கா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவான். "ஆமாம்ப்பா, அப்படியேதான் இருக்க" என்பாள் இவளும், முகத்தை மிஷின் பக்கம் திருப்பிக்கொண்டு.

முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு அடிக்கடி வரும். பயம் வந்தால் சிரிப்பு, துக்கம் வந்தால் சிரிப்பு, யாராவது திட்டினால் அடக்கமுடியாத சிரிப்பு. இது அவளுக்கு மட்டும் இருந்த கோளாறு இல்லை. அவளுடைய தம்பிக்கும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் தம்பியை அடிக்கப் பிரம்பை ஓங்கினால், அவன் சிரித்து இரண்டு அடி கூடுதலாக வாங்குவான். சாட்சி சொல்ல வந்த அக்காவும் சிரித்து அவள் பங்குக்கு இரண்டு வாங்குவாள். அப்பா செத்த வீட்டில் இருவரையும் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டி வைத்தார்கள். உள்ளே இருவரும் அப்பாவை நினைத்து நினைத்துச் சிரித்து, மூச்சு வாங்கி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். அவர்களுக்கு அப்பா மேல் உயிர். சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்தத் தம்பிதான் பிறகு அதே கிளப்புக்குப் பந்து வீசினான். நன்றாகவே வீசினான். கிளப் முதல்முறையாகக் கோப்பை வாங்கிய இறுதி ஆட்டத்தில், எதிரணிக்கு மூன்று ரன் மட்டும் பாக்கி இருந்தபோது அவர்களுடைய கடைசி ஆளை அவுட்டாக்கியவன் அவன்தான். ஊரே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஸ்டேடிய வாசலில் பெருமைச் சுவர் என்று ஒன்று கட்டி, பதினொரு பெயரையும் பித்தளை எழுத்தில் திருகாணி போட்டு முடுக்கினார்கள். ஏழாவது பெயர் தம்பியுடையது.

ஒரு வாரம் இருந்தது. எட்டாவது நாள் ஒரு கேமராக்காரர் அந்த இறுதி ஆட்டத்தின் படத்தை ஓட்டிப் பார்த்துவிட்டார். தம்பி பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டு, ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து, பந்தின் ஒரு பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தால் பந்து காற்றில் வளையும். அதனால்தான் மெழுகைத் தொடக்கூடாது என்று விதி. இதில் மழுப்ப ஒன்றுமில்லை. அவன் செய்தது மோசடி. அக்காவே அவனை வீட்டில் நிற்கவைத்துத் துடைப்பத்தால் இரண்டு போட்டாள். அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள், அது வேறு விஷயம்.

ஆனால் விசாரணைக் குழுவின் முன்னாலும் அவன் சிரித்துத் தொலைத்தான். கோட்டுப் போட்ட மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து "இதற்கு என்ன விளக்கம்?" என்று கேட்டதும், பயத்தில் அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. மூன்றாவது நிமிஷம் எழுந்து வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அறிக்கையில் 'சற்றும் வருத்தம் இல்லை. கேள்வி கேட்டபோது சிரித்தார்' என்று எழுதினார்கள். ஆயுள் தடை. ஏழாவது பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கோப்பையை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. குற்றம் ஒரு ஆளுடையது, வெற்றி எல்லோருடையது என்று தீர்ப்பாகிவிட்டது. எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

சுவரில் பத்துப் பெயரும் ஒரு காலி இடமும் நின்றன. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "பித்தளையாச்சே, எவனோ திருடிட்டான் போல" என்று பேசிக்கொண்டு போவார்கள்.

இனிமேல் எந்த ஆட்டக்காரனுக்கும் பாக்கெட் கூடாது என்று கிளப் உத்தரவு போட்டது. அக்கா மூன்று நாளில் நூற்று முப்பது பாக்கெட்டுகளைத் தைத்து மூடினாள். பெயர் அப்போது வந்ததுதான். பாக்கெட் போனதும் ஆட்டக்காரர்களுக்குக் கர்சீப் வைக்க இடமில்லை. ஆகவே எல்லாக் கர்சீப்பும் ஒரு கூடையில் அக்காவின் பொறுப்புக்கு வந்தது. கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வருஷம் அதே கேமராக்காரரிடம் கிளப்பின் கேப்டனே மாட்டினார். அதே மெழுகு. பாக்கெட் இல்லாததால் மணிக்கட்டுப் பட்டைக்குள் ஒளித்திருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். நிருபர்கள் கூடிவிட்டார்கள். கேமரா முன்னால் போகும் வழியில் கேப்டன் கிட் ரூமுக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, ஒரு கர்சீப்" என்றார். அவளும் பதற்றத்தில், சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையில் கிடைத்ததை நீட்டினாள். கூடையில் கை வைத்திருந்தால் சுத்தமானது கிடைத்திருக்கும். மேஜை மேல் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாள். அது பிசியோதெரபி செய்கிறவர் தைலப் பாட்டிலைச் சுற்றி வைத்திருந்தது. தசைப்பிடிப்புக்குத் தேய்க்கிற தைலம். தொட்ட விரலால் கண்ணைத் தொட்டால் அன்றைக்கு அந்தக் கண் அவ்வளவுதான்.

கேப்டன் கேமரா முன்னால் உட்கார்ந்து, நெற்றி வியர்வையைத் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். பிறகு நடந்ததை நாடே பார்த்தது. கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. அவர் துடைக்கத் துடைக்க இன்னும் வந்தது. "நான்... தப்பு... " என்றார்; அதற்குமேல் பேச முடியவில்லை. கேள்வி கேட்க வந்த நிருபர்களே மூக்கைச் சிந்தினார்கள். ஒரு ஆட்டம் ஓய்வு என்று தண்டனை கொடுத்தார்கள். பிறகு டிவியில் வர்ணனை, பல்பசை விளம்பரம், கிளப்பின் தலைவர் பதவி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. பெருமைச் சுவரில் முதல் பெயர் அவருடையது. ஒரு திருகாணிகூட அசையவில்லை.

அக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. கட்டிய புருஷனிடமும் சொல்லவில்லை, தம்பியிடம் சத்தியமாகச் சொல்லவில்லை. தம்பி விசாரணைக்குப் போன அன்று நன்றாகத் துவைத்து, கஞ்சி போட்டு, நான்காக மடித்த கர்சீப்பை அவன் சட்டைப் பையில் வைத்து அனுப்பியவள் அவள். அதை நினைக்கும்போதெல்லாம் மிஷினில் ஊசி உடையும்.

தம்பி இப்போது கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறான். படிக்க வருகிறவன் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் விடும் ஒவ்வொரு முறையும் இவன் சிரிப்பான். அதனால் நல்ல வாத்தியார் என்று பெயர். பயமே வருவதில்லையாம் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. ஏழாவது இடத்தில் தன் பெயர் மறுபடி வரவேண்டும். "ஆடினது நான்தானே அக்கா. தண்டன குடுத்துட்டாங்க, சரி. ஆனா நான் அங்க இருந்தேனா இல்லையா?" என்பான். ஸ்டேடியம் இருக்கும் தெரு வந்தால் மாணவனை வேறு தெருவில் திருப்பச் சொல்லிவிடுவான்.

இந்த வருஷம் கிழக்குக் காலரிக்குக் கேப்டன் பெயரை வைப்பதாக முடிவானது. அக்கா தலைக்கு மேலேயே. பெயர்ப்பலகையை மூடிவைத்துத் திறக்க முப்பது அடித் திரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் அவளிடமே துணியைக் கொண்டுவந்து போட்டார். அவள் அளவு எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"சார், தம்பி பேரயும் இந்தத் தடவ சுவத்துல போட்டுடலாமே. ரெண்டு பேரும் பண்ணது ஒண்ணுதானே."

"அது வேற, இது வேறம்மா."

"எப்படி சார் வேற?"

"கேப்டன் அழுதார். உன் தம்பி சிரிச்சான். கமிட்டி வருத்தத்தப் பாக்கும்." செயலாளர் நல்ல மனுஷன்தான், கொஞ்சம் யோசித்துவிட்டு, "வர்ற வியாழக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடுது. வந்து மனசார ஒரு தடவ அழட்டும். நான் பேசிப் பாக்கறேன்" என்றார்.

ஆகக்கூடி, அழ வேண்டும். ஒரு மனுஷன் அழுவதற்கு ஐந்து நாள் அவகாசம்.

அக்கா வீட்டுச் சமையலறையில் ஒத்திகை ஆரம்பமானது. அக்கா வீட்டுக்காரர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவர். வீடு வீடாகப் போய் எல்லா விதமான அழுகையையும் பார்த்தவர் என்பதால் அவரே பயிற்சி கொடுத்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதற்குப் பின்னால் கமிட்டி மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

"மாப்ளே, உன் காரு ஆத்துல விழுந்துருச்சுன்னு நெனச்சுக்க."

தம்பி கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். "யார் மாமா ஓட்டிட்டிருந்தா?"

"யாரோ ஒரு மாணவன். நீச்சல் தெரியும். காரு மட்டும் போச்சு."

"அவன் இண்டிகேட்டர் போட்டானா?" என்று கேட்டுவிட்டு அவன் சிரிக்க ஆரம்பித்தான். அக்கா பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

வெங்காயம் உரித்துப் பார்த்தார்கள். ஒரு கிலோ. மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது, ஆனால் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கமிட்டி முன்னால் கத்தியும் வெங்காயமுமாகப் போக முடியாது என்று அதைக் கைவிட்டார்கள். மூக்கு மயிரைப் பிடுங்கிப் பார்த்தார்கள். தும்மல்தான் வந்தது. புதன்கிழமை மாலை அக்கா வீட்டுக்காரர் கையை விரித்தார். "உங்க வம்சத்துக்கே அந்தக் குழாய் அடைச்சிருக்கு" என்றார்.

தைல யோசனை அக்காவுக்கு வராமல் இல்லை. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டுமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை கமிட்டி அறையில் ஏழு பேர் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அதன் தலைப்பக்கத்தில் தலைவராகக் கேப்டன். ஜன்னலுக்கு வெளியே அவருடைய பெயரின் எழுத்துகளைக் கயிறு கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தம்பி மன்னிப்புக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அக்கா கதவோரம் நின்றாள்.

"மதிப்புக்குரிய கமிட்டி உறுப்பினர்களே," என்று படித்தான். குரல் நடுங்கியது. செயலாளர் நம்பிக்கையோடு தலையாட்டினார். "நான் செய்த தவறை எண்ணி..." கடிதம் நடுங்கியது. தோள் நடுங்கியது. ஒரு நொடி எல்லோரும் அவன் அழப்போகிறான் என்றே நினைத்தார்கள். பிறகு அந்தச் சத்தம் வந்தது.

கொதிக்கிற குக்கரில் விசில் கிளம்புவதற்கு முன்னால் ஒரு புஸ்ஸென்ற ஓசை வருமே, அதுதான் முதலில். பிறகு அவனால் நிற்க முடியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தான். "மன்னிச்சுக்குங்க... மனசார... " என்று சொல்லச் சொல்ல இன்னும் அதிகமானது. கதவோரம் அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், பலிக்கவில்லை. மேஜையின் மூலையில் ஒரு கமிட்டிக்காரர் இருமுவதுபோல் நடித்துச் சிரித்தார். இன்னொருவர் மேஜைக்கு அடியில் விழாத பேனாவைத் தேடினார்.

செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "பாத்தீங்களா, அன்னிக்கு மாதிரியேதான். கொஞ்சமாவது வருத்தம் இருக்கா? கேப்டன் எப்படி அழுதார்."

"கேப்டன் சார் அழல," என்றாள் அக்கா.

சிரிப்புக்கு நடுவில்தான் சொன்னாள். ஆனால் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. இனி முழுங்க முடியாது. "அது தைலம். நான் குடுத்த கர்சீப்புல தைலம் இருந்துச்சு. தெரியாம குடுத்துட்டேன். வேலைய விட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க. பதினோரு வருஷமா இத வயித்துல வச்சிக்கிட்டு எனக்கு முடியல."

தம்பிகூடச் சிரிப்பை நிறுத்திவிட்டான். அவன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான்.

"அக்கா, அந்தக் கர்சீப்ப எனக்கு ஏன் குடுக்கல?"

அவ்வளவுதான். மறுபடி இருவருக்கும் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்போடு வேறு ஏதோவும் சேர்ந்து வந்தது. "தெரியாமப் போச்சுடா, தெரியாமப் போச்சு" என்று அவன் தோளில் அடித்துக்கொண்டே சிரித்தாள்.

கேப்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"நாலு நாள் எரிஞ்சுது," என்றார். "கண் டாக்டர்கிட்ட போனேன். ஏதோ அலர்ஜின்னார்." பிறகு அவர் வாய் கோணியது. வயிறு குலுங்கியது. பல்பசை விளம்பரத்தில் காட்டாத பற்களெல்லாம் தெரிய அவர் சிரித்தார். "நாடே மன்னிச்சுது. நான் மன்னிப்பு கேட்டேனான்னே எனக்கு ஞாபகமில்ல. கண்ணு தெரியாம வெளிய போற வழியத்தான் தேடிட்டிருந்தேன்."

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் ஒரே ஒரு காரியம் செய்தார், அதற்காக அவரைக் கொஞ்சம் மதிக்கலாம். "ஒண்ணு, எங்க ரெண்டு பேர் பேரும் சுவத்துல இருக்கணும். இல்லன்னா ரெண்டு பேர் பேரையும் கழட்டுங்க. வெளிய ஏத்தறதையும் சேத்து" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே எழுத்துகள் பாதி ஏறியிருந்தன. அழைப்பிதழ் அடித்தாயிற்று. முப்பது அடித் திரை தைத்தாயிற்று. ஆகவே தம்பியின் குற்றம் அவ்வளவு பெரியதில்லை என்று கமிட்டி கண்டுபிடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வருத்தம் காட்டினால்தான் பெயர் என்று விதி இருக்கிறதே என்று செயலாளர் தலையைச் சொறிந்தார். கடைசியில் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினார்கள்: 'மேற்படி ஆட்டக்காரர் உரிய முறையில் அழுததாகக் கருதப்படுகிறது.' தம்பி அதில் கையெழுத்துப் போட்டான். கோடு கொஞ்சம் குலுங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் ஏழாவது பெயரை முடுக்கினார்கள். பழைய எழுத்துகள் எங்கோ போய்விட்டதால் புதிய பித்தளை. மற்ற பத்தைவிடப் பளிச்சென்று இருந்தது. அக்கா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தாள். தம்பி ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தான். குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழாகப் பதினொரு பெயரையும் படித்தான்.

"என்னடா, எழுத்துப் பிழையா?"

"இல்லக்கா. அந்தக் கடைசி ஆளு... நான் அவுட்டாக்குனவரு. மூணு ரன்னுதான் பாக்கி. மெழுகு இல்லன்னா அந்தப் பந்து வளைஞ்சிருக்காது. இந்த மாதிரி ஒரு சுவரு அவங்க ஊர்ல இருந்திருக்கும்."

"இப்ப அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"இத்தன வருஷம் கழிச்சு கமிட்டிகிட்ட எதுக்கு மன்னிப்பு கேட்டேன்னு யோசிக்கறேன். அவங்களுக்கு நான் கோப்பை வாங்கித்தானே குடுத்தேன்."

அந்தக் கடைசி ஆள் இப்போது எங்கே இருக்கிறார் என்று அக்கா கேட்டாள். அந்த ஆட்டத்தோடு அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், நாலு மணி நேரம் போக வேண்டும் என்றான். எவ்வளவு நாளாக இதைத் தெரிந்து வைத்திருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை.

"வண்டிய எடு," என்றாள்.

கடை ஒரு பஸ் டிப்போவுக்கு எதிரில் இருந்தது. கதவு கழற்றிய ஃபிரிட்ஜ்கள் வாசல்வரை நின்றன. உள்ளே ஒரு மனிதர், காதோரம் நரைத்தவர், ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருந்தார். நிமிர்ந்து தம்பியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீ மெழுகுதானே?"

"ஆமாங்க."

தம்பி வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தான். புஸ்ஸென்றது. அக்கா அவன் முதுகில் கிள்ளினாள். அவன் கையைக் கூப்பிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, முகம் சிவக்கச் சிவக்கச் சிரித்தான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் அக்கா. நினைத்த உடனே அவளுக்கும் வந்துவிட்டது.

அவர் கோபப்படவில்லை. ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துச் சட்டைப் பையில் செருகினார்.

"உங்க கேப்டன் அழுதத டிவில பாத்தேன்," என்றார். "என்கூட இருந்தவங்கெல்லாம் பாவம் பாவம்னாங்க. அந்தாள் யார்கிட்ட மன்னிப்பு கேக்கறார்னு நான் கடைசி வரைக்கும் பாத்தேன். எதிர்ல ஆடுன ஆளுங்க பேரு ஒண்ணுகூட வரல. இங்கயும் யாரும் வரல. இன்னிக்குத்தான் ஒருத்தன் வந்திருக்கான்."

தம்பி ஏதோ சொல்லப் பார்த்தான். மறுபடி சிரிப்புதான் வந்தது.

அவர் இரண்டு காலிப் பெட்டிகளைக் கவிழ்த்து அவர்கள் பக்கம் தள்ளினார். தானும் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"சிரிச்சு முடி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. முடிச்சிட்டுச் சொல்லு."